எழும்பாத கோடு

டாக்டர் சவரிமுத்துவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தன்னைவிட வெகு இளையவரான தாட்சாயணியின் ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்ததில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. பவளக்கொடிதான் அவரை அங்கே துரத்தியிருந்தாள்.

பவளக்கொடி அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவள்; நூல்மில்லில் வேலை பார்த்தவள். வலது கை நெருப்பாய் எரிகிறது என்பாள். தோலில் சிவப்புகூட இல்லை. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. மில்லில் நிறுத்திவிட்டார்கள்.

கையிலிருந்து கடுகளவு தோலை அவர் எடுத்தபோது கேட்டாள்.

"வீட்ல நடிக்கிறேங்கிறாங்க, டாக்டர். இதுலயாவது தெரியுமா?"

"தெரியும்மா" என்று சொல்லிவிட்டார்.

எரிச்சலைத் தூண்டும் கொழுப்புப் பொருள் ஒன்று உடம்பில் உண்டு. அது அந்தக் கடுகளவில் இருக்கிறதா என்று நிறைமாலைமானியில், மூலக்கூறுகளை எடை பிரித்துக் காட்டும் கருவியில், பார்க்கத்தான் தாட்சாயணியிடம் கற்றுக்கொண்டார். இருந்தால் திரையில் ஓடும் கோடு சட்டென்று மேலே எழும்பும்.

எழும்பவில்லை. எடுத்த தோலும் தீர்ந்துபோயிற்று.

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"வெளியில காத்திருக்கா, மேடம். போய்ச் சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"இல்லைன்னு."

தாட்சாயணி சிறிய குப்பி ஒன்றை எடுத்தார். டாக்டருக்கு முதுகு காட்டி நின்று எதையோ கலந்தார். மறுபடியும் கலந்தார். குப்பியைக் கருவியில் வைத்தார்.

"இதையும் பாத்துட்டுப் போங்க, டாக்டர்."

இருவரும் காத்திருந்தார்கள். கோடு தரையோடு தரையாக ஓடி முடிந்தது.

"இருக்கா?" என்று கேட்டார் தாட்சாயணி.

"இல்ல. இது வெறும் குப்பி."

"அதே பொருள்தான். ரொம்ப ரொம்ப நீர்க்கக் கரைச்சு, நானே போட்டேன்."

டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'உனக்கு ஒண்ணுமில்ல, போ' என்று தான் எத்தனை பேரை அனுப்பியிருப்போம் என்று யோசித்தார்.

"அப்ப அவ கையில அது இருக்கலாம்."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"தோலும் தீர்ந்துபோச்சு. அவளோட எரிச்சல அளக்க இப்போதைக்கு நம்மகிட்ட வேற வழியே இல்லையா, மேடம்?"

"அந்தம்மா வெளியிலதான உக்காந்திருக்காங்க" என்றார் தாட்சாயணி. "கேட்டுப் பாருங்க."