தலை குனிய மறுத்த கூழைக்கடா

பனங்காட்டுக்கு நடுவே ஒரு குளம் இருந்தது. கோடை வந்ததும் அது வற்றிக் குட்டையாகிவிட்டது. பறவைகளெல்லாம் பனைகளைத் தாண்டி, அப்பால் இருந்த ஏரிக்குப் போய்விட்டன. மிஞ்சியவை இரண்டுதான். ஒன்று, நெட்டலகன் என்ற கூழைக்கடா. இன்னொன்று, அவனை விட்டுப் போக மனமில்லாமல் காத்திருந்த நீர்க்காகம் கருப்பாயி.

நெட்டலகன் கிளம்பாததற்குக் காரணம் அவன் வயிறு. குட்டை சுருங்கச் சுருங்க மீன்கள் ஒரே இடத்தில் குவிந்தன. வாயைத் திறந்தால் போதும், உள்ளே வந்தன! தின்று தின்று பானை போல ஆகிவிட்டான். தண்ணீர் அடியோடு வற்றப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் ஐயா பயணத்துக்குத் தயாரானார். அப்போதும் அலகுப் பை நிறையக் கெண்டைகளை அடைத்துக்கொண்டார்.

“அண்ணே, ஏரிக்குப் போறீங்களா, சந்தைக்குப் போறீங்களா?” என்று சிரித்தாள் கருப்பாயி.

“வழியில பசிச்சா?” என்றான் நெட்டலகன். அலகைத் திறந்தால் மீன் கொட்டிவிடுமே! அதனால் முணுமுணுப்பாகவே பேசினான்.

“ஏரி அந்தா தெரியுது அண்ணே!”

புதருக்குள் இருந்த நரி இதைக் கேட்டது. பறவைகள் எப்படி ஏறுகின்றன, எப்படி விழுகின்றன என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. பசியோடு அண்ணாந்து பார்த்தே கற்றுக்கொண்ட பாடம் அது. மெல்ல வெளியே வந்து கும்பிடு போட்டது.

“அண்ணாச்சி! உங்க அந்தஸ்துக்கு வாத்து மாதிரி தாழத் தாழவா பறக்கிறது? அலகை நேரா சூரியனுக்குக் காட்டுங்க! பெரிய மனுஷங்கன்னா தலை நிமிர்ந்துதான் போகணும்!”

நெட்டலகனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“அவன் பேச்சைக் கேக்காதீங்க!” என்றாள் கருப்பாயி. “நம்மள மேல ஏத்துறது அலகு இல்ல. உடம்பைத் தாங்கினது போக இறக்கையில மிச்சம் இருக்கிற பலம்தான் ஏத்தும். உங்க உடம்புக்கு மிச்சம் ரொம்பக் கொஞ்சம். முதல்ல வேகம் பிடிங்க. அப்புறம் வட்டம் போட்டு மெதுவா ஏறலாம்.”

“வட்டம் போடறதெல்லாம் சின்னப் பறவைங்க வேலை!”

ஓடினான், எழும்பினான், அலகை வானத்துக்கு நீட்டினான். அடுத்த கணம் குட்டையின் நடுச்சேற்றில் தொப்பென்று விழுந்தான்! அங்கே போக நரிக்கு வழியில்லை.

“அடடா! போதுமான அளவு நிமிரலை அண்ணாச்சி!” என்று நரி உச்சுக் கொட்டியது. “பனை மரத்துக்கிட்ட வந்து நல்லா நிமிருங்க. நான் அங்கேயே நின்னு பாத்துக்கறேன்!”

பாவம், நம்பிவிட்டான். மறுபடி எழும்பிப் பனை வரை தாழப் பறந்தான். அங்கே அலகைச் செங்குத்தாகத் தூக்கினான். ஒரு கணம் ஏறத்தான் செய்தான்! பிறகு வேகம் குறைந்தது. இறக்கையை எவ்வளவு அடித்தும் காற்று பிடிகொடுக்காமல் நழுவியது. உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. பனையின் பாதி உயரத்திலிருந்து சரிய ஆரம்பித்தான். கீழே நரி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

“அண்ணே, தலையைக் குனிங்க!” என்று அலறினாள் கருப்பாயி.

“என்னது? ஒரு நரிக்கு முன்னாடி நான் தலை குனியறதா? மானம் போயிடும்!”

கோபத்தில் வாயை அகலத் திறந்துவிட்டான். கெண்டைகள் மொத்தமும் கொட்டின. ஒன்று நரியின் மூக்கிலேயே அறைந்தது.

“மானத்தை அப்புறம் தேடிக்கலாம், உயிர் போனா வராது! குனிங்க அண்ணே!”

நரியின் பற்கள் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டன. எத்தனை பற்கள்! பயத்தில் மானம் மறந்துபோயிற்று. தலையைக் குனிந்தான். உடம்பு முன்னால் சாய்ந்தது, வேகம் வந்தது, காற்று இறக்கையைத் தாங்கிப் பிடித்தது. நரியின் காதை உரசிக்கொண்டு பறந்தான்! குட்டைமேல் நேராகச் சென்று நன்றாக வேகம் பிடித்தான். பிறகு கருப்பாயியின் பின்னால் வட்டம் வட்டமாக ஏறினான். மெதுவான ஏற்றம்தான். ஆனாலும் பனங்குருத்துகள் அவன் காலுக்குக் கீழே வந்துவிட்டன.

நரிக்கு வயிறெரிந்தது. “அண்ணாச்சி! கடைசியில எனக்கு முன்னாடி தலை குனிஞ்சுட்டீங்களே!” என்று கத்தியது.

“ஆமா, குனிஞ்சேன்!” என்றான் நெட்டலகன். “இங்க மேல வந்து இன்னொரு தடவை கேளு!”

அடுத்தவர் புகழ்ச்சியில் நிமிர்ந்த தலை நம்மைக் கீழே தள்ளும். குனிய வேண்டிய நேரத்தில் குனிபவரே உயரத்தை எட்டுவார்.