பொண்ணு கேட்கப் போன ஷாக் அப்சார்பர்

மூக்கணாம்பாளையத்தில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வேலையை ஒரே ஆள் செய்தால் அவசரத்தில் கெடுத்துவிடுவான் என்று, நாலு பேராகச் சேர்ந்து நிதானமாகக் கெடுக்கிற ஊர் அது. அந்த ஊரில் சென்னியப்பன் என்றொரு வாலிபன் இருந்தான். அவனிடம் ஒரு கார் இருந்தது. அந்தக் காராலேயே அவன் கல்யாணம் நின்றுபோகும் நிலைமையும் வந்து சேர்ந்தது.

கார் சாதாரணக் கார் இல்லை. கோயம்புத்தூரில் யாரோ பந்தயத்தில் விட்டு விரட்டி, அலுத்துப்போய் விற்ற சிவப்பு வண்டி. சாவியைத் திருகினால் தெருநாய்கள் எழுந்து வழிவிடும். வேகத்துக்குக் குறைவில்லை. ஷாக் அப்சார்பர்கள்தான் செத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு குழியில் இறங்கினால் அடுத்த தெரு வரைக்கும் வண்டி தலையாட்டிக்கொண்டே போகும்.

சென்னியப்பன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டது அதே ஊர் கோகிலவாணியை. அவளுக்கும் அவன்மேல் ஆசைதான், ஏனென்று கேட்காதீர்கள். அவளுடைய அப்பா சின்னச்சாமி காலமெல்லாம் லாரி ஓட்டி இடுப்பைத் தொலைத்தவர். மனிதர்களை அவர் குணத்தால் எடைபோடுவதில்லை, இடுப்பால்தான்.

"இத பாரு தம்பி. வர்ற வெள்ளிக்கெழம என்ற ஊட்டுல இருந்து மாரியம்மன் கோயலுக்குப் போறோம். உன்ற காரு கோயல் வாசல்ல போய் நிக்கறப்ப என்ற இடுப்பு வலிக்கலையா, பொண்ணு உனக்கு. வலிச்சுதா, நீ ஆரோ நான் ஆரோ" என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் கோகிலவாணி போனில் அழுதாள். "எங்கப்பன் இடுப்புலதான் என்ற வாழ்க்கையே இருக்குது. பாத்துச் செய்யுங்க." சென்னியப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் முறை போட்ட சோறு மட்டும்தான் இறங்கவில்லை என்றாலும், அவன் வருத்தம் உண்மையானதுதான்.

மறுநாளே கூட்டாளிகள் மயில்சாமி, நாச்சிமுத்து, குழந்தைவேல் மூவரையும் காரில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனான். கடைக்காரர் நல்ல மனிதர். வந்திருப்பது யார் என்று தெரியாமல் அன்பாகப் பேசினார்.

"எதுக்குங்க ஓட்டப் போறீங்க? ரேஸுக்கா, மலை ரோட்டுக்கா, டவுனுக்கா?"

"பொண்ணு கேக்கறதுக்குங்க" என்றான் சென்னியப்பன்.

கடைக்காரர் விலைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்குன்னு தனியா எந்தக் கம்பெனியும் போடறதில்லீங்களே. சரி, உக்காரப் போறவரு என்ன எடை இருப்பாருன்னு பாத்துட்டு வாங்க. அதுக்குத் தகுந்த ஸ்பிரிங்கோட தர்றேன்."

எடையைப் பார்த்துவிட்டு வரச் சொன்னால் பார்த்துவிட்டுத்தானே வர வேண்டும்? நால்வரும் நேரே சின்னச்சாமி வீட்டுக்குப் போய், அவரைக் கொப்பரை மண்டித் தராசுக்குக் கூப்பிட்டார்கள்.

"பொண்ணு கேக்க வந்தீங்களா, கொப்பரை வாங்க வந்தீங்களாடா?" என்று அவர் குதித்தார். விஷயத்தை விளக்கியதும், "இடுப்புக்குன்னா சரி" என்று அவரே போய்த் தராசில் ஏறி உட்கார்ந்தார். அவரும் அதே ஊர்க்காரர்தானே.

எடையைப் பார்த்த நாச்சிமுத்து முகத்தைச் சுளித்தான். "இதுல ஈரத்துக்குக் கழிக்கோணுமடா."

"எந்த ஈரம்?"

"வேர்வைடா. மண்டியில ஈரத்துக்குக் கழிக்காம எந்தச் சரக்கை எடுக்கறாங்க?"

மண்டிக்காரரும் அது நியாயம்தான் என்றார். சின்னச்சாமி துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "இப்ப ஒணந்துட்டேன், கழிக்காதீங்க" என்று மன்றாடினார். கழித்துத்தான் எழுதினார்கள்.

அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டியதும் கடைக்காரர் முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங் சுற்றிய இரண்டு ஸ்ட்ரட், பின்சக்கரங்களுக்கு இரண்டு ஷாக் அப்சார்பர் என்று பளபளவென்று எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகு. இந்தப் பக்கம் திருகினால் மெத்தென்று இருக்கும், அந்தப் பக்கம் திருகினால் விறைப்பாகும். "அவங்கவங்களுக்குப் புடிச்ச மாதிரி திருகி வச்சுக்கலாமுங்க" என்றவர், வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னார். "குண்டும் குழியுமா இருக்கற ரோட்டுல போனாத்தானுங்க இதோட அருமை தெரியும்."

பாவம், அவர் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

மெக்கானிக் மாட்டிக் கொடுத்ததும் நால்வரும் ஆளுக்கொரு சக்கரத்தின் பக்கம் போய் நின்றார்கள். அவங்கவங்களுக்குப் பிடித்த மாதிரி என்று கடைக்காரரே சொல்லிவிட்டாரே. மயில்சாமிக்கு இலவம்பஞ்சு மெத்தைதான் பிடிக்கும். அவன் பக்கம் உச்சபட்ச மெத்து. விறைப்பாக இருப்பதுதான் நீடித்து உழைக்கும் என்பது நாச்சிமுத்து கொள்கை. குழந்தைவேல் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமுமாகத் திருகினான், கடைசியில் எதில் விட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஓட்டுகிறவன் மாப்பிள்ளை, வளைந்து கொடுத்தால் கௌரவக் குறைச்சல் என்று சென்னியப்பன் தன் பக்கத்தை இறுக்கோ இறுக்கென்று இறுக்கினான். கார் ஒரு காலைத் தூக்கிய கோழி மாதிரி நின்றது.

"சாஞ்சு நிக்குதேடா" என்றான் குழந்தைவேல்.

"நாலு பேரு நாலு விதமா நெனச்சா அப்படித்தான் நிக்கும். அதுதான் ஒத்துமை" என்றான் மயில்சாமி.

வியாழக்கிழமை பெரிய சிக்கல் ஒன்று தெரியவந்தது. சின்னச்சாமி வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் புதுத் தார் ரோடு. எத்தனையோ மனு கொடுத்து, மறியல் செய்து, போன மாதம்தான் போட்டார்கள். வழவழவென்று கிடந்தது. மருந்துக்கும் ஒரு குழி இல்லை.

"போச்சு" என்று தலையில் கை வைத்தான் சென்னியப்பன். "இந்த ரோட்டுல போனா மாமனுக்கு ஷாக்கோட அருமை எப்படிடா தெரியும்? ரோடு நல்லா இருக்குதுன்னு எந்திரிச்சுப் போயிருவாரு. என்ற கல்யாணம்?"

கூட்டாளிகள் நெஞ்சுருகிப் போனார்கள். நண்பனுக்கு ஒன்றென்றால் சும்மா இருப்பார்களா? கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கிவிட்டார்கள். வெட்டுகிற சத்தம் கேட்டு ஊர்த்தலைவர் ஓடி வந்தார். காரணத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "ஒரு புள்ளையோட வாழ்க்கையாச்சே! கோயல் பக்கம் இன்னும் ஆழமா வெட்டுங்கடா" என்று தன் வீட்டுக் கடப்பாரையையும் கொடுத்தனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சின்னச்சாமி வெள்ளை வேட்டியில் வெளியே வந்தார். ரோட்டைப் பார்த்தார். சாய்ந்து நின்ற காரைப் பார்த்தார். இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"தம்பி, இந்த ரோட்டுல நான் எதுலயும் ஏற மாட்டேன். நீ முன்னால ஓட்டு, நான் பின்னாலயே நடந்து வர்றேன்."

அவர் ஏறாவிட்டால் ஷாக்கின் அருமை எப்படித் தெரியும் என்று கேட்கச் சென்னியப்பன் வாயெடுத்தான். ஆனால் பெரியவர் பேச்சைத் தட்டலாமா? ஓட்டினான். கார் ஒவ்வொரு குழியிலும் நாலு சக்கரத்தில் நாலு கூத்து ஆடியது. மயில்சாமி மூலை அமுங்கி எழ, நாச்சிமுத்து மூலை எகிற, சென்னியப்பன் மூலையோ குழியின் முழு மரியாதையையும் அப்படியே அவன் முதுகெலும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்னால் சின்னச்சாமி மகளோடு குழிகளை ஒதுக்கிக்கொண்டு காற்றாட நடந்து வந்தார்.

கோயில் வாசலில் கார் நின்றது. எல்லாரும் அவர் இடுப்பையே பார்த்தார்கள். முன்னால் வளைந்தார், பின்னால் வளைந்தார், இரண்டு பக்கமும் திரும்பினார். கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வலியே இல்லை! லாரியை விட்டு எறங்குனதுல இருந்து இப்படி ஒரு பிரயாணம் போனதே இல்லை!" என்று கூவினார் சின்னச்சாமி. "பொண்ணு உனக்குத்தான்!"

சென்னியப்பனைக் கூட்டாளிகள் காரிலிருந்து உருவி எடுத்தார்கள். உட்கார்ந்த வாக்கிலேயே மடங்கியிருந்தவன் அப்படியே மாமனார் காலடியில் விழுந்தான். ஆசீர்வாதம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மரியாதையா!" என்று சின்னச்சாமி கண் கலங்கினார்.

கூட்டாளிகள் அங்கேயே கூடி ஆராய்ந்தார்கள். வெளியே நடந்து வந்தவருக்கு வலிக்கவில்லை. உள்ளே இருந்தவனுக்கு வலித்தது. ஷாக் உயர்ந்த சரக்கு என்பதில் சந்தேகமே இல்லை, உள்ளே போய் உட்கார்ந்ததுதான் தப்பு என்று முடிவானது.

ஆகவே கல்யாணத்தன்று காரில் ஒருத்தரையும் ஏற்றவில்லை. மாலை போட்டு, வடம் கட்டி, ஊரே சேர்ந்து அதை இழுத்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் ஜோராக நடந்து வந்தார்கள். மண்டபம் சேர்ந்ததும் ஒவ்வொருவராக வளைந்து நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் இடுப்பு வலிக்கவில்லை.

குழந்தைவேல் மட்டும் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "இழுத்து இழுத்துக் கை வலிக்குதேடா" என்றான்.

மயில்சாமி அவனை இரக்கத்தோடு பார்த்தான். "நாம வாங்குனது இடுப்பு வலிக்குடா. கை வலிக்கு வேணுமுன்னா கடையில தனியாக் கேட்டிருக்கோணும்."