நனையாத மணல்

கோவில்பட்டியில் தையல்காரி செண்பகவல்லி வளர்த்தது மொச்சை என்றொரு கடுவன் பூனை. ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு அவள் தங்கை உலகம்மாளை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மூன்றரைக்கு மொச்சை அலறத் தொடங்கியது.

மணல் தட்டில் உட்காரும், முக்கும், எழுந்து கத்தும், மறுபடி உட்காரும். பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை வாந்தியும் எடுத்தது. காலையில் அது வெளிக்குப் போனதைச் செண்பகம்தான் அள்ளிப் போட்டாள். ஆனால் நேற்றிலிருந்து மணலில் ஈரமே இல்லை.

வைத்தியம் சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? கணவன் இசக்கிமுத்து விளக்கெண்ணெய்ப் புட்டியோடு வந்தான். "மலச்சிக்கல்தான். ரெண்டு சொட்டு விட்டா சரியாப் போவும்."

பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி, ஓய்வுபெற்ற நர்ஸ், எட்டிப் பார்த்தார். "இது நீர்க்கடுப்பு, செண்பகம். இளநீரைக் குடு, தானா எறங்கிரும். அதுவரைக்கும் உள்ரூம்ல போட்டுப் பூட்டு. நல்ல காரியத்துக்கு வாரவங்க முன்னால பூனை குறுக்க போகலாமா?"

செண்பகம் பூனையின் அடிவயிற்றைத் தொட்டாள். எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. மொச்சை வீறிட்டது.

"எனக்கு என்ன நோயின்னு தெரியல. அது தெரிஞ்ச மாட்டாஸ்பத்திரி டாக்டர்ட்ட இப்பமே போறேன்."

"ஏ, வாசல்ல கார் வந்துட்டு!" என்று பல்லைக் கடித்தான் இசக்கிமுத்து.

அவள் பூனையை வயர்கூடையில் வைத்துத் துண்டைப் போர்த்தினாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே அலறும் கூடையோடு புகுந்து ஆட்டோவில் ஏறினாள். மாப்பிள்ளையின் தாயார் படியில் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துவிட்டார்.

கேட்டீர்களா? ஒருவன் மருந்தோடு வந்தான், ஒருவர் நோய்க்குப் பெயர் சொன்னார், ஒருத்தி எதுவும் தெரியாமல் ஓடினாள். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: செண்பகவல்லி. காலையில் வெளிக்குப் போன பூனைக்கு மலச்சிக்கல் ஏது? ஞானசௌந்தரி கோளாறு இருக்கும் இடத்தைச் சரியாகவே சொன்னார். ஆனால் வழி அடைத்து நிறைந்து கிடக்கும் மூத்திரப் பைக்குள் மேலும் இளநீர் போனால் என்ன ஆகும்? கடுவனுக்கு மூத்திரம் அடைத்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும், அதில் ஒரு நாள் ஏற்கெனவே கழிந்திருந்தது. டாக்டர் குழாய் செருகி நீரை இறக்கிக்கொண்டிருக்கையில் உலகம்மாள் போன் செய்தாள். "அவங்க திரும்பிப் போயிட்டாங்கக்கா. அது கெடக்கட்டும், மொச்சை ஒண்ணுக்குப் போச்சா?"