கொடுக்காமல் வந்த கொடுவா

மீனும் நண்டும் நம்மைப் போலவே வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தாமிரபரணி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் ஒரு சுறா காவல் நின்றது. யாரும் அதை நிற்கச் சொல்லவில்லை. பல் இருந்தது, நின்றது.

அது வைத்த சட்டம் இரண்டே சொல். "கொடு. வா." ஆற்றிலிருந்து இறங்கும் கூட்டம் ஒரு பெண் மீனைக் கொடுக்க வேண்டும், மற்றவை கடலுக்கு வரலாம். சினை கட்டும் மீன்தான் அதற்கு ருசி. ஆண் மீனைச் சீண்டாது.

அந்த ஆற்றில் பெருவாயன் என்றொரு மீன் இனம் இருந்தது. உப்புத் தண்ணீர் படாமல் அதன் முட்டை பொரியாது. வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள், வந்தார்கள். கொடுத்துக் கொடுத்து, ஒரு வருஷம் கூட்டத்தில் ஒரு பெண்கூட மிஞ்சவில்லை. வம்சம் இத்தோடு போச்சு என்று எல்லாரும் அழுதார்கள்.

இசக்கி என்ற இளவட்டம் மட்டும் அழவில்லை. "அழுதா முட்டை வருமா? நான் கடலுக்குப் போறேன்" என்று தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு இறங்கினான்.

"என்னலே, கொடுக்க ஒண்ணும் இல்லையோ?" என்றது சுறா.

"இல்ல. இருந்தாலும் கொடுக்க மாட்டேன்."

"வாயப் பாரு வாய!"

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்."

சுறா வயிறு குலுங்கச் சிரித்தது. "பொட்டை இல்லாத கூட்டத்துக்குக் கடல் எதுக்குலே? போ, போ" என்று ஒதுங்கி வழிவிட்டது. அது செய்த தப்பு அதுதான்.

கடலில் இசக்கி இறாலை விழுங்கினான், மடவையை விழுங்கினான், நண்டை ஓட்டோடு விழுங்கினான். "பெத்தவ இல்லைன்னா நானே பெத்தவ ஆவேன்" என்று ஒவ்வொரு வாய்க்கும் சொன்னான். மூன்று மழைக்காலம் போனது. பிடிவாதம் வயிற்றில் இறங்கி, லட்சம் முட்டையாய்த் திரண்டது. அவன் அவளாகியிருந்தான்.

பௌர்ணமிக் கடலோதம் ஆற்றுக்குள் ஏறும் நேரம் பார்த்து முகத்துவாரத்துக்கு வந்தாள். தம்பிமார் சூழ்ந்து நிற்க, முட்டைகளைக் கொட்டினாள். ஓதம் அவற்றை அலையாத்தி வேர்களுக்குள் அள்ளிப் போனது. பின்னால் பாய்ந்த சுறாவுக்கு வயிறு சேற்றில் தட்டியது.

"ஏமாத்திட்டியே! கொடு! வா!" என்று கத்தியது.

"கொடுத்தாச்சு, ஆத்துக்கு. உனக்கில்ல" என்றாள் இசக்கி.

அந்தக் கத்தல்தான் கொடுவா என்று பெருவாயன் மீனுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. அன்றைக்குத் தொடங்கித்தான் கொடுவா ஆணாகவே ஆற்றை விட்டு இறங்குகிறது. காவலைத் தாண்டிய பிறகு, தன் இஷ்டத்துக்குத் தாயாகிறது.