சூப்பில் குற்றமில்லை

"சிஸ்டர், சோத்தைத் தொட்டு நாப்பது நாளாச்சு. இன்னும் இந்தப் புண்ணு ஏன் ஆறமாட்டேங்குது?"

கேட்டவர் கவுஸ் பாய், பிரியாணி மாஸ்டர். அந்த ஊரில் கல்யாணம் வைப்பவர்கள் முதலில் அவரிடம் தேதி கேட்டுவிட்டுத்தான் மண்டபத்தில் தேதி கேட்பார்கள்.

சிஸ்டரின் பெயர் சலோமி. அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் புண்களுக்குக் கட்டுப் போடுகிறவர். பாயைவிட இருபது வயது சின்னவர். கேள்வி கேட்டால் பதில் வரும் என்று அவரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அவர் பாட்டுக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வலது காலில் இரண்டு விரல்கள் ஏற்கெனவே போய்விட்டன. மிச்சமிருந்த பாதத்தில் கருப்பு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் கெடு வைத்திருந்தார். வியாழக்கிழமைக்குள் சர்க்கரை இறங்க வேண்டும், கருப்பு நிற்க வேண்டும். இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான்.

அன்று திங்கட்கிழமை.

சலோமி சிஸ்டர் அவர் விரலில் ஊசியால் குத்தி, மிஷினில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தார்.

"எவ்ளோ சிஸ்டர்?"

"முந்நூத்தி நாப்பது."

"இன்சுலின் ரெண்டு வேளையும் தவறாம போடறேன். ஒரு பருக்கை சோறு கிடையாது. இந்த மிஷின் பொய் சொல்லுது."

"என்ன சாப்பிடறீங்க?"

"சூப்பு."

"வெறும் சூப்பா?"

பாய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கால் போகும் என்று டாக்டர் சொன்னபோதுகூடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர் அவர்.

"வெறும் சூப்புன்னு சொல்லாதீங்க. நாட்டுக்கோழி, எலும்போட. பட்டை, சோம்பு, மிளகு, இஞ்சி, பூண்டு எல்லாம் தட்டிப் போட்டு ஒன்றரை மணி நேரம் சின்னத் தீயில வேகணும். எலும்புச் சாறு இறங்கினப்புறம் பீன்ஸ், முட்டைகோஸ், நூக்கல், காலிபிளவர். கெட்டியா வர்றதுக்கு மத்தவன் சோளமாவைக் கரைச்சு ஊத்துவான். நான் சுரைக்காயை வேகவெச்சு மசிச்சு விடறேன். கிழங்கு கிடையாது, பட்டாணி கிடையாது. காரட்டு ஒண்ணே ஒண்ணு, அதுவும் கலருக்கு."

"வயிறு ரொம்புதா?"

"ரெண்டு கிண்ணம் குடிச்சா சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

"நாளைக்குக் கொண்டுவாங்க," என்றார் சலோமி சிஸ்டர்.



மறுநாள் விடியற்காலையிலேயே பாய் வீட்டு அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கால் எதிரே இன்னொரு ஸ்டூலில் நீட்டிக்கிடந்தது. மனைவி மெஹருன்னிசா காலிபிளவரை வெந்நீரில் போட்டு, பூ பூவாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாவுக்கு எதுக்குங்க நம்ம சூப்பு?"

"சந்தேகம். நான் சோளமாவு கலக்கறேன்னு நினைக்குது."

"வந்து பாக்கச் சொல்லுங்க. இந்த வீட்டுல உலை வெச்சு நாப்பது நாளாகுது."

அது உண்மை. மெஹருன்னிசாவுக்குச் சர்க்கரை கிடையாது, ஒரு வியாதியும் கிடையாது. சோறு வெந்தால் வாசனை வரும், வாசனை வந்தால் கணவருக்கு ஆசை வரும் என்று அவளும் சோற்றை விட்டுவிட்டாள். அவருக்கு ஒரு கிண்ணம் என்றால் அவளுக்கும் ஒரு கிண்ணம். பிறந்ததிலிருந்து மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்த உடம்பு. முதல் வாரம் ராத்திரியில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவரிடம் சொல்லவில்லை. இந்தக் கதையில் எனக்கு மனசு அடித்துக்கொள்வது அவளை நினைத்துத்தான்.

பாய் கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, நாக்கில் விட்டுக்கொண்டார். மிளகு இன்னும் ஒரு சிட்டிகை போட்டார். மறுபடி நாக்கில் விட்டுக்கொண்டார்.

"இப்ப சரி," என்றார்.

தூக்குவாளியில் கொண்டுபோனார். கட்டுப் போடும் அறையில் டெட்டால் வாசனையைத் தள்ளிக்கொண்டு கோழி வாசனை வந்தது. சலோமி சிஸ்டர் கை கழுவிவிட்டு வந்து, ஒரு டம்ளர் நின்றுகொண்டே குடித்தார். இன்னொரு டம்ளர் உட்கார்ந்து குடித்தார். அடியில் கிடந்த எலும்பையும் விடவில்லை.

"எப்படி இருக்கு?"

"இப்படி ஒரு சூப்பு நான் குடிச்சதில்ல."

"குற்றம் ஏதாவது?"

"சூப்புல குற்றமில்ல."

பாய்க்கு வெற்றி. ஆனால் அன்றைக்கும் மிஷின் முந்நூற்றுப் பத்து காட்டியது.

"அப்ப எங்கிருந்துதான் வருது சிஸ்டர்? காத்துலயா வருது?"

சலோமி சிஸ்டர் தூக்குவாளியைக் குழாயடிக்கு எடுத்துப்போய்க் கழுவினார். திரும்பி வந்து துணியால் துடைத்தார்.

"நாளைக்கு வேலை இருக்கா பாய்?"

"இருக்கு, மாப்பிள்ளை வீட்டுல வைக்கற வலிமா விருந்து. எண்ணூறு பேர். நான் நடக்கறதில்ல சிஸ்டர், உக்காந்த இடத்துலேந்து சொல்றதோட சரி."

"உப்பு பாக்கறது?"

"அது நான்தான். வேற யாரை நம்பறது? மசாலா வதங்கினதும் ஒருக்கா. கறி வெந்ததும் ஒரு துண்டு. அரிசி பதம் ஒரு கை. தம் உடைச்சதும் ஒரு கை, அடியில ஒரு கை, ஓரத்துல ஒரு கை. தேக்சா அண்டா மூணு இருந்தா மூணுலயும் பாக்கணும். பிரெட் அல்வாவுல இனிப்பு பாக்கணும். ருசி பாக்காம அனுப்பினா என் பேரு என்னாகறது?"

"அதெல்லாம் சாப்பாட்டுல சேராதா?"

பாய் சிரித்தேவிட்டார். நாற்பது நாளில் அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தது.

"அது எப்படி சிஸ்டர் சேரும்? அது வேலை. சாப்பாடுன்னா உக்காந்து, தட்டுல போட்டு, பிசைஞ்சு சாப்பிடறது."

சலோமி சிஸ்டர் காலித் தூக்குவாளியை அவர் மடியில் வைத்தார்.

"நாளைக்கு நீங்க ருசி பாக்கறப்பல்லாம், வாயில போடற அதே அளவு இதுலயும் போடுங்க. வியாழக்கிழமை இதைக் கொண்டுவாங்க."

"எதுக்கு?"

சிஸ்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வழியெல்லாம் ஆட்டோவில் பாய் பொருமிக்கொண்டே போனார். என்னை என்னவென்று நினைத்தாள் இந்த அம்மா? திருட்டுத்தனமாகத் தின்கிறேன் என்றா? பார்க்கிறேன் ஒரு கை. ஒரு பருக்கை இல்லாமல் இந்த வாளியைக் கொண்டுபோய் அவள் முன்னால் கவிழ்த்துக் காட்டுகிறேன்.

சிலருக்கு வைராக்கியம் பக்தியில் வரும். பாய்க்கு எரிச்சலில் வந்தது.

புதன்கிழமை. மண்டபத்துக்குப் பின்னால் மூன்று தேக்சாக்கள் நெருப்பில் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போல இருந்தது. பாய் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தூக்குவாளி, மூடி திறந்தபடி.

மசாலா வதங்கியது. அவர் கை தானாகக் கரண்டியை எடுத்தது, தானாக உதடுவரை கொண்டுவந்தது. கண் வாளியின் மேல் விழுந்தது.

கரண்டியைத் திரும்ப வைத்தார்.

"மாஸ்டர், உப்பு?" என்று கேட்டான் ஜப்பார். இருபது வருஷமாக அவரிடம் வேலை செய்கிறவன்.

பாய் நாற்காலியை நகர்த்தச் சொன்னார். ஆவியில் முகத்தைக் காட்டினார். கொதிக்கும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இன்னும் ரெண்டு கை போடு."

"வாயில வெச்சுப் பாக்கலையா?"

"போடுடா சொன்னதை."

கறி வெந்தது. கை போனது, திரும்பியது. அரிசி இறங்கியது. கை போனது, திரும்பியது. அல்வாவில் நெய் பிரிந்தபோது கை போன வேகத்தைப் பார்த்து அவருக்கே வெட்கமாக இருந்தது. ஒரு காலைப் பொழுதுக்குள் இந்தக் கை எத்தனை தடவைதான் போகும் என்று சலித்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு அவருக்குப் பசித்தது. சாதாரணப் பசி இல்லை, கை கால் நடுங்கும் பசி. வேலையிடத்தில் தனக்குப் பசித்ததே இல்லை என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. நெருப்பின் சூடு என்று நினைத்துக்கொண்டார். மெஹருன்னிசா கொடுத்தனுப்பிய சூப்பைக் குடித்த பிறகு நடுக்கம் நின்றது.

எண்ணூறு பேரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உப்பைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பெண்ணின் மாமா மட்டும் வந்து, "மாஸ்டர், இன்னைக்கு என்னமோ தனியா இருந்துச்சு," என்று கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை பாய் கட்டுப் போடும் அறைக்குள் ராஜா மாதிரி நுழைந்தார். ஜப்பாரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நுழைந்தார், ஆனாலும் ராஜா மாதிரி. ஜப்பாரையும் கூட வந்த மெஹருன்னிசாவையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"பாருங்க சிஸ்டர். ஒரு பருக்கை உண்டா?"

சலோமி சிஸ்டர் அவர் விரலைக் குத்தினார். மிஷினைப் பார்த்தார்.

"நூத்தி எழுபது."

நாற்பது நாளில் அது இருநூறுக்குக் கீழே இறங்கியதே இல்லை.

"நான்தான் சொன்னேனே, மிஷின்ல கோளாறுன்னு. இன்னைக்கு ஒழுங்கா வேலை செய்யுது."

சிஸ்டர் கத்தரிக்கோலை எடுத்துக் கட்டை வெட்ட ஆரம்பித்தார்.

"ருசி பாக்கலையா?"

"பாக்கலை."

"உப்பு?"

"கச்சிதம். ஒருத்தன் குறை சொல்லலை."

"எப்படித் தெரிஞ்சுது?"

பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. தொழிலைப் பற்றிக் கேட்டால் அவருக்கு வலிகூட மறந்துபோகும்.

"இதென்ன பெரிய விஷயம் சிஸ்டர்? நோன்பு வெச்ச மாதிரி நினைச்சுக்கிட்டேன். நோன்பு மாசத்துல பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சறதே நான்தான். நோன்பு வெச்ச வாயில எப்படி ருசி பாக்கறது? வாசனைதான், கைக்கணக்குதான். இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள் உப்பு தப்பினதில்ல. வாய்க்கு அங்க வேலையே இல்ல."

"எத்தனை வருஷமா?"

"முப்பத்தி நாலு..."

நிறுத்தினார்.



சிஸ்டர் கடைசித் துணியை எடுத்தார். கருப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பாயும் பார்த்தார். வாளி பாயின் கையில் இன்னும் கவிழ்ந்தபடியே இருந்தது.

"சிஸ்டர்," என்றார் பாய்.

சலோமி சிஸ்டர் வாளியை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

பெரிய டாக்டரை அழைத்தார்கள். அவர் வந்து, குனிந்து பார்த்து, அழுத்திப் பார்த்து, நிமிர்ந்தார். வெளியே நின்ற மெஹருன்னிசாவை உள்ளே வரச்சொன்னார். ஒரு படிவத்தை நீட்டினார்.

"அம்மா, இன்னைக்கே எடுத்தாகணும். வீட்டு ஆள் கையெழுத்து வேணும்."

மெஹருன்னிசா படிவத்தைத் தொடவில்லை.

"எதுக்கு எடுக்கணும்? நீங்க சொன்னதுல இவரு எதைச் செய்யலை?"

"சர்க்கரை இன்னைக்குத்தானேம்மா இறங்கியிருக்கு. நாப்பது நாளும் முந்நூறு, முந்நூத்தி அம்பதுன்னே..."

"உங்க மிஷினைத் தூக்கிக் குப்பையில போடுங்க! நாப்பது நாளா நானும் இவரும் சூப்பைத்தான் குடிக்கறோம். இவருகூட நானும் சோத்தை விட்டேன் டாக்டர். இங்க பாருங்க."

கையைத் தூக்கினாள். மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல்கள் சரிந்து முழங்கை வரை போயின.

"நான் இப்படி ஆகியிருக்கேன். இவருக்கு மட்டும் எப்படி ஏறும்? தப்பே பண்ணாத மனுசன் காலை வெட்டறேங்கறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? நான் போடமாட்டேன். வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நேரம் போகப் போக மேல ஏறும்மா. சாயங்காலம் ஆச்சுன்னா உயிருக்கு நான் பொறுப்பில்ல."

"பொய்! எல்லாம் பொய்!" அவள் கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, வாயைத் திறந்து சொல்லுங்களேன். ஒரு பருக்கை தொட்டிருப்பீங்களா நீங்க?"

டாக்டர் பாயைப் பார்த்தார். சலோமி சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் தன் தோளிலிருந்த அவள் கையை எடுத்தார். முழங்கையில் கிடந்த வளையல்களை ஒவ்வொன்றாக மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டார். அவை அங்கே நிற்கவில்லை.

"தின்னேன் மெஹரு," என்றார். "தினமும் தின்னேன். போடு."