மூங்கில் நாற்றும் பத்துப் பொருத்தமும்

தென்காசியில் ஒரே அலுவலகத்தில் கோப்பு நகர்த்தும் மூவர் நாங்கள்: கோமதிநாயகம், ஜெபராஜ், ஆவுடையப்பனாகிய நான். எழுத்தில் இல்லாமல் ஒரு துரும்பையும் அசைத்துப் பழகாதவர்கள். காப்புக்காட்டில் மூங்கில் நடத் தன்னார்வலர்கள் தேவை என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை மலையேறினோம். மறுநாள் பத்து மணிக்கு எனக்கு நிச்சயதார்த்தம். அன்று சாயங்காலமே திரும்பிவிடுவேன் என்று பெண்ணின் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

வனக்காப்பாளர் பொன்னுத்தாய் நாற்பது நாற்றுகளைக் காட்டினார்.

"இந்த மூங்கில் ஆயுசுல ஒருதரந்தான் பூக்கும். அந்த வெதையில வந்த நாத்து. ஒண்ணுகூட மானுக்குப் போகக்கூடாது. நாத்துக்கு ஒரு குடம் தண்ணி. கல்தூண் நட்டிருக்கு, சுத்தி எட்டடி ஒசரத்துக்கு வலை கட்டுங்க. கட்டி முடிக்கிற வரைக்கும் நாத்த விட்டு நகரக்கூடாது. கட்டின வலையில யாரும் கை வைக்கக்கூடாது."

ஜெபராஜ் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் பொன்னுத்தாய் போய்விட்டார்.

நட்டோம். நாற்றுக்கு ஒரு குடம் ஊற்றி முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது.

"குடத்துக்கு மேல போகுதேய்யா" என்றார் கோமதிநாயகம்.

நாற்பது நாற்றுக்கு மூன்று குடை. மாற்றி மாற்றி ஓடிப் பிடித்தோம். நனைந்தது நாங்கள்தான்.

பிறகு நாற்றை விட்டு நகராமல், உள்ளே நின்றபடியே வலையைக் கட்டினோம். கடைசி முடிச்சு விழுந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அப்போதுதான் வெளியே போக வழி இல்லை என்று தெரிந்தது.

"ஒரு முடிச்ச அவுப்பமா?" என்றேன்.

"கை வைக்கக்கூடாதுன்னு அஞ்சாவது வரியில இருக்கு" என்றார் ஜெபராஜ்.

"கால வச்சு ஏறுவமே?"

"வலை சாஞ்சா மான் வந்துரும். ஒமக்கு நிச்சயதார்த்தமா பெருசு?"

பெரிசுதான். முப்பத்தெட்டு வயதில் அமைந்த முதல் சம்பந்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜெபராஜ் வெகுநேரம் யோசித்தார். "மூங்கில் வளரட்டும். வெட்டி ஏணி கட்டிருவோம். நாலே வருஷம்."

கோமதிநாயகம் லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தார். நான் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, முகூர்த்தத்த ஒரு நாலு வருஷம் தள்ளி வைக்க முடியுமா?"

விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். "நாலு வருஷம் எதுக்கு மாப்ள? நம்ம வீட்லயே ஏணி கெடக்கு. காலையில கொண்டாந்துருதோம்."

இவ்வளவு விவரமான குடும்பத்தில் நான் எப்படிக் காலம் தள்ளப்போகிறேன் என்று அன்று ராத்திரி முழுக்கக் கவலைப்பட்டேன்.

சொன்னபடி மறுநாள் காலை பத்து மணிக்கு வேன் வந்தது. ஏணியை வெளியே கல்தூணில் சாய்த்து முதலில் மாமா ஏறி உள்ளே குதித்தார். அடுத்து அத்தை. பிறகு தாம்பூலத் தட்டுகள். கடைசியாகப் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண் செண்பகவல்லி. ஈர மண் என்பதால் ஒருவருக்கும் அடியில்லை. ஒரு நாற்றும் மிதிபடவில்லை. தட்டு மாற்றிக்கொண்டோம்.

"சரி, மாப்ளயக் கூட்டிட்டுக் கெளம்புவோம்" என்று மாமா ஏணியைத் தேடினார். அது வெளியே, சாய்த்த இடத்திலேயே இருந்தது.

எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். செண்பகவல்லிதான் முதல்முறையாக என்னிடம் வாய் திறந்தாள்.

"மூங்கில் வளந்ததும் ரெண்டு ஏணியாக் கட்டிருங்க. ஒண்ணு வெளிய வைக்க வேணும்லா."

பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று ஜோசியர் சொன்னதை அதுவரை நான் நம்பியிருக்கவில்லை.