கொய்யாவுக்குப் பூசிய பச்சை

கொய்யாக்காயின் துவர்ப்பில்தான் இளமையைக் காக்கும் சத்து இருக்கிறது, பழுக்கப் பழுக்க அது குறைந்துவிடும் என்றார் வைத்தியர். அன்றிலிருந்து கிழட்டு ஜமீன்தார் காயாகவே தின்றார். பல் கூசியது. தோட்டக்காரி மாடத்தியைச் சபைக்கு அழைத்தார்.

“ஏளா, காயோட துவர்ப்பும் பழத்தோட இனிப்பும் ஒரே கொய்யாவில வேணும். நாளைக்கு வரலைன்னா குடிசையைக் காலி பண்ணிரு.”

மறுநாள் மாடத்தி பச்சைப்பசேலென்று ஒரு கொய்யாவை நீட்டினாள். ஜமீன்தார் கடித்தார். கூழாகக் கனிந்த பழம் தாடை வரை வழிந்தது. விரலெல்லாம் சாயம்.

“உள்ளே பழுத்துக் கிடக்கு. வெளியே பூசினா காயாயிருமா? எந்த மடையன் இப்படிப் பண்ணுவான்?”

மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

“எதைப் பூசினே, சொல்லு!”

“சபையில வேண்டாம் எசமான்.”

“சபையிலதான் சொல்லணும்!”

“நீங்க தினமும் காலையில நரைச்ச மீசை கறுக்கணும்னு பூசுவீங்களே, அந்தப் பச்சை அவுரி இலை விழுதுதான். சிரட்டையில மிச்சம் இருந்துச்சு.”

முதலில் சிரித்தவள் ஜமீன்தாரின் மனைவி. அப்புறம் வைத்தியர். பிறகு வாசலில் நின்ற யானைப்பாகன் வரைக்கும் சிரிப்பு பரவியது.

ஜமீன்தார் விரலை நக்கினார்.

“குடிசையிலேயே இருந்து தொலை. போய்ப் பழுத்ததா இன்னொண்ணு கொண்டா.”